எஸ்.எஸ்.டி எழுதும் வேகம் குறைந்தால் செய்யக்கூடாதவை

கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சனிக்கிழமை சற்று நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும். "அண்ணா, புது எஸ்.எஸ்.டி போட்டும் கொப்பி ஆகிறது சரியான ஸ்லோ. டிரைவ் பழுதோ?" "அப்ப வேற ஒண்டு போட்டுப் பார்ப்பம்." பத்து நிமிடத்தில் பில் எழுதியாகிவிடும். இரண்டு வாரத்தில் அதே ஆள், அதே கேள்வியோடு, இன்னொரு டிரைவைக் கையில் பிடித்தபடி வந்து நிற்பார்.

எஸ்.எஸ்.டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் டிரைவ். அதை டிஃப்ராக் (சிதறிய பைல்களைச் சேர்த்து அடுக்குவது) செய்யாதே, லப்டொப்பை மெத்தையில் வைக்காதே என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம். இந்தத் தொழிலில் உள்ள எல்லோருமே தொடக்கத்தில் ஒருமுறையாவது செய்து பணம் இழந்த தவறுகள்தான் கீழே உள்ளவை. இன்றைக்குப் புதிதாக வருபவர்களும் அவற்றையே செய்கிறார்கள்.

கொப்பி பெட்டியின் எண்ணை நம்புவது

ஒரு பெரிய பைலை இழுத்துப் போட்டதும் வின்டோஸ் காட்டும் முதல் சில ஜிபியின் வேகம் டிரைவின் வேகம் இல்லை. அந்தத் தரவு முதலில் ரெமுக்குள் போகிறது. அங்கிருந்துதான் டிரைவுக்கு இறங்குகிறது. அதனால் தொடக்கத்தில் கோடு வானத்துக்கு ஏறி, பிறகு சடாரென்று விழும். பார்க்க வேண்டிய இடம் டாஸ்க் மனேஜர். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போய், எழுதப்படும் டிரைவைத் தெரிந்தெடுத்து, எழுதும் வேகம் என்ற எண்ணைக் கவனியுங்கள்.

மூலத்தையும் மறக்க வேண்டாம். சாதாரண யு.எச்.எஸ் 1 வகைக் கமரா கார்டு வினாடிக்கு 104 எம்பிக்கு மேல் தராது. பழைய ஹாட் டிஸ்க் பெரும்பாலும் 100 முதல் 150 எம்பிக்குள் நிற்கும். ஊற்று சிறிதாக இருக்கும்போது குடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 50,000 சிறிய படங்களைக் கொப்பி செய்வதும் ஒரே ஒரு பெரிய வீடியோவைக் கொப்பி செய்வதும் மொத்த அளவில் சமமாக இருந்தாலும், முன்னையது எந்த டிரைவிலும் மெதுவாகத்தான் போகும்.

சின்னச் சோதனையை வைத்துப் பெரிய முடிவு எடுப்பது

அதிகம் பணம் தின்னும் தவறு இதுதான். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால், ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

வேகம் அளக்கும் புரோகிராமான கிறிஸ்டல் டிஸ்க் மார்க்கைத் திறக்கிறார்கள். அது வழமையாக 1 ஜிபி அளவில் சோதிக்கும். பெட்டியில் அச்சிட்ட அதே எண் வருகிறது. "டிரைவ் நல்லாத்தான் இருக்கு" என்ற முடிவோடு வயரை மாற்றுகிறார்கள், போர்ட்டை மாற்றுகிறார்கள், வின்டோஸைத் திரும்பப் போடுகிறார்கள். ஒன்றும் சரிவராத கட்டத்தில் டிரைவையே மாற்றுகிறார்கள். மாற்றி வாங்குவதும் அதே இனத்து மலிவு டிரைவ்.

அந்தச் சோதனை அளந்தது டிரைவின் முன்வாசலை மட்டும். இன்றைய எஸ்.எஸ்.டிகளில் பெரும்பாலானவை ஒரு கலத்தில் (சிப்பில் தரவு தங்கும் மிகச்சிறு அறை) 3 பிட் வைக்கும் டிஎல்சி, அல்லது 4 பிட் வைக்கும் கியூஎல்சி. 4 பிட் வைக்க ஒரு கலத்தில் 16 வெவ்வேறு மின்னழுத்த நிலைகளைத் துல்லியமாகப் பிரித்து நிறுத்த வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். அதை மறைக்க, கலங்களில் ஒரு பகுதியைக் கலத்துக்கு 1 பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி முறையில், டிரைவை இயக்கும் சிப்பான கொன்ட்ரோலர் பயன்படுத்துகிறது. வரும் தரவை முதலில் அந்த வேகமான பகுதிக்குள் வாங்கிக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே அடுக்குகிறது. பெட்டியில் அச்சிடுவது இந்த வேகமான பகுதியின் வேகத்தையே. அது நிரம்பிவிட்டால், கொன்ட்ரோலர் பழையதை உள்ளே அடுக்கிக்கொண்டே புதியதையும் வாங்க வேண்டும். அந்த நேரத்தில்தான் டிரைவின் சொந்த வேகம் வெளியே வரும்.

எண்ணில் பார்த்தால் விளங்கும். 1 டிபி சாம்சங் 870 கியூவிஓ கியூஎல்சி வகை. அதன் வேகமான பகுதி அதிகபட்சம் 42 ஜிபி. அங்கே வினாடிக்கு 530 எம்பி எழுதும். அது தீர்ந்த பிறகு 80 எம்பி என்று உற்பத்தியாளரே தரவுத்தாளில் சொல்லியிருக்கிறார். அதே டிரைவின் 2 டிபி வகை தீர்ந்த பிறகும் 160 எம்பி எழுதும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வாங்குபவர் அந்த வரிவரை வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது வெள்ளவத்தையில் திருமண வீடியோ எடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கமரா, நான்கு மணிநேரம், வினாடிக்கு 100 மெகாபிட் (எம்பி அல்ல) வேகத்தில் 4கே பதிவு. ஒரு கமராவுக்கு மணிக்கு 45 ஜிபி என்றால் மொத்தம் 540 ஜிபி. எடிட்டிங் மெஷினின் வேகமான என்விஎம்ஈ வகை எஸ்.எஸ்.டியிலிருந்து அதை இந்த 1 டிபி டிரைவுக்கு அனுப்புகிறார். முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி 498 ஜிபிக்கு ஒன்றே முக்கால் மணிநேரம் போகும். விடாமல் 530 எம்பியில் எழுதும் நல்ல டிஎல்சி சாட்டா (என்விஎம்ஈக்கு முந்திய, வேகம் குறைந்த இணைப்பு) டிரைவ் என்றால் முழுவதும் 17 நிமிடம். "ஒரு நிமிஷம் நல்லாப் போய்ப் பிறகு செத்துப்போச்சு" என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் டிரைவ் சாகவில்லை. தனக்கு இயல்பான வேகத்துக்கு இறங்கியிருக்கிறது.

இதோடு டிரைவ் நிரம்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பல டிரைவ்கள் இந்த வேகமான பகுதியைக் காலி இடத்திலிருந்தே எடுக்கின்றன. கியூஎல்சியில் 1 ஜிபி வேகமான இடத்துக்கு 4 ஜிபி காலி இடம் வேண்டும். டிஎல்சியில் 3 ஜிபி. ஆகவே 40 ஜிபி மட்டும் மிஞ்சியிருக்கும் அப்படிப்பட்ட கியூஎல்சி டிரைவில் அது 10 ஜிபியைத் தாண்ட வழியில்லை. 2018-இல் வந்த இன்டெல் 660பியின் 1 டிபி வகையில் காலியாக இருக்கும்போது 140 ஜிபி வரை கிடைக்கும். நிரம்ப நிரம்ப அது 12 ஜிபி வரை சுருங்கும். வாங்கிய புதிதில் பறந்த டிரைவ் ஆறு மாதத்தில் தவழ்வதற்கு வைரஸ் தேட வேண்டியதில்லை.

சரியாகச் சோதிக்க ஒரே வழி நீளமாக எழுதிப் பார்ப்பது. 100 முதல் 150 ஜிபி வரையான பெரிய வீடியோ பைல்களை, எழுதும் டிரைவைவிட வேகமான இன்னொரு டிரைவிலிருந்து அனுப்புங்கள். டாஸ்க் மனேஜரில் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள்.

முதல் வினாடியிலிருந்தே தட்டையாகக் கீழே கிடந்தால், கோளாறு வயர், போர்ட், ஸ்லொட் பக்கம். குறிப்பிட்ட ஓர் அளவு எழுதியதும் படியிறங்குவது போல விழுந்து அங்கேயே நின்றால், மேலே சொன்ன வேகமான பகுதி தீர்ந்துவிட்டது. வாள் பல்லைப் போல ஏறி இறங்கி, வெப்பநிலையும் 80 பாகையை ஒட்டி நின்றால் அது சூடு; டிரைவ் தன்னைக் காக்கத் தானே வேகத்தைக் குறைக்கிறது. சில வினாடிகள் பூச்சியத்தில் நின்று பிறகு திடீரென்று எழும்பினால், உடனே நிறுத்திவிட்டு இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

ஒருமுறை 150 ஜிபி எழுதுவதால் டிரைவின் ஆயுளுக்கு ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன 1 டிபி கியூவிஓவுக்கே 360 டிபி எழுதும்வரை உத்தரவாதம் உண்டு. அதற்காக நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டாம். சோதனைக்கும் சோதனைக்கும் இடையில் மின்சாரத்தோடு அரை மணிநேரம் சும்மா விட்டால்தான் உள் அடுக்கல் முடியும். கொப்பி முடிந்த கையோடு டிரைவைக் கழற்றிப் பைக்குள் போடுபவர்கள் அந்த அவகாசத்தைக் கொடுப்பதே இல்லை. அடுத்த முறை செருகும்போது அது பாதி நிரம்பிய நிலையிலிருந்தே தொடங்கும்.

பரிகாரம் மூன்றுதான். ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக வையுங்கள். வின்டோஸின் ஒப்டிமைஸ் டிரைவ்ஸ் பகுதியில் டிரைவ் சொலிட் ஸ்டேட் என்று காட்டுகிறதா என்று பார்த்து, ஒப்டிமைஸை அழுத்துங்கள். அது அழித்த பைல்களின் இடத்தை டிரிம் கட்டளை மூலம் டிரைவுக்கு அறிவிக்கும். வேலை உண்மையிலேயே நூற்றுக்கணக்கான ஜிபி என்றால், அடுத்த டிரைவை வாங்கும்போது வேகமான பகுதி தீர்ந்த பின் எவ்வளவு எழுதும் என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் விற்கும் டிரைவின் உள்ளே சிப் மாறுவதும் உண்டு: டிஎல்சியுடன் வந்த குரூஷியல் பி2, 2021-இல் அதே பெயரில் கியூஎல்சியுடன் வந்தது. பழைய விமர்சனத்தை மட்டும் படித்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

போன் சார்ஜர் வயரை எஸ்.எஸ்.டிக்குப் போடுவது

இரண்டு முனையும் டைப் சி என்பதால் வேகமான வயர் ஆகிவிடாது. போனோடு வரும் வயர்கள் பல யு.எஸ்.பி 2.0 மட்டுமே, 40 எம்பியைத் தாண்டாது. வேகம் 35க்கும் 40க்கும் இடையில் அசையாமல் நின்றால், வேறெதையும் தொட முன்னர் வயரை மாற்றுங்கள்.

என்விஎம்ஈ டிரைவை யு.எஸ்.பி வெளிக் கூட்டில் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொந்த டிரெம் (டிரைவுக்குள் இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம்) இல்லாத மலிவு டிரைவ்கள் கணினியின் ரெமில் சிறு பகுதியைக் கடன் வாங்கி ஓடும். அந்த வசதி யு.எஸ்.பி வழியாகக் கிடைக்காது. லப்டொப்பின் உள்ளே நன்றாக ஓடிய டிரைவ் கூட்டுக்குள் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிவிடி இடத்தில் கேடி போடுவது

கேடி என்பது டிவிடி டிரைவைக் கழற்றிய இடத்தில் இன்னொரு டிரைவைப் பொருத்தும் சட்டகம். பழைய லப்டொப்களில் அந்த போர்ட் அரை வேகத்தில் இருக்கலாம்; எஸ்.எஸ்.டியை ஹாட் டிஸ்க் இருந்த இடத்திலும், ஹாட் டிஸ்கைக் கேடியிலும் போடுங்கள்.

வெப்பப் பட்டையின் பிளாஸ்டிக்கை உரிக்காமல் ஒட்டுவது

டிரைவின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கைத் திறந்து பார்த்தால், இடையில் இருக்கும் வெப்பப் பட்டையின் மேல் மெல்லிய நீலத் தாளோ வெள்ளைத் தாளோ அப்படியே இருக்கும். கொழும்பில் அறையே 30 பாகையில் இருக்கும்போது, ஒரு தாள் போதும் டிரைவை மூச்சுத்திணற வைக்க. அந்தத் தாளைத்தான் உரிக்க வேண்டும். டிரைவின் மேல் உற்பத்தியாளர் ஒட்டிய லேபலை உரிக்கக்கூடாது, வொரன்டி போய்விடும். தடித்த பட்டையைத் திணித்துத் திருகாணியை இறுக்குவதும் கூடாது. மெல்லிய பட்டை வடிவில் வரும் எம்.2 டிரைவின் பலகை வளையும்.

"பஃபர் ஃப்ளஷிங்" பெட்டியில் சரி போடுவது

டிவைஸ் மனேஜரில் டிரைவின் பொலிசீஸ் பகுதியில் இரண்டு பெட்டிகள் உண்டு. முதலாவது ரைட் கேஷிங், அதாவது எழுத வேண்டியதைத் தற்காலிக நினைவகத்தில் சேர்த்துவைத்து எழுதுவது. கணினியின் உள்ளே இருக்கும் டிரைவுக்கு அதில் சரி இருக்க வேண்டும். இரண்டாவது, பஃபர் ஃப்ளஷிங்கை நிறுத்துவது. சில வீடியோக்களில் இதை "இலவச வேகம்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள். அதில் சரி போட்டால், தரவு நிரந்தரமாக எழுதப்பட்டதா என்று வின்டோஸ் டிரைவிடம் உறுதிப்படுத்திக்கொள்வதை விட்டுவிடும். மின்சாரம் போனால் நடுவில் இருந்ததும் போய்விடும். சில வேளை பாட்டிஷனே (சி, டி என்று காட்டும் பிரிவு) திறக்காது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் ஒரே அடியாக மின்சாரம் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். யு.பி.எஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் இந்தப் பெட்டி சூதாட்டம்.

வெளி டிரைவுக்குக் கதை வேறு. வின்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, சட்டென்று கழற்ற வசதியான முறையே இயல்பாக இருக்கிறது; அதில் ரைட் கேஷிங் நிறுத்தப்பட்டிருக்கும். கூடிய வேகம் தரும் முறைக்கு மாற்றலாம். மாற்றினால், ஒவ்வொரு முறையும் இஜெக்ட் கொடுத்தே கழற்ற வேண்டும்.

எக்ஸ்பி காலத்து ஹாட் டிஸ்கை எஸ்.எஸ்.டிக்கு அப்படியே குளோன் (முழுப் பிரதி) செய்வது

பழைய பாட்டிஷன் 63ஆவது செக்டரில் (512 பைட் கொண்ட துண்டு), அதாவது 32,256 பைட்டில் தொடங்கும். எஸ்.எஸ்.டியின் 4கே (4,096 பைட்) எல்லையோடு அது பொருந்தாது. ஒரு சின்ன எழுத்து வேலைக்கு இரண்டு இடங்களைத் தொட வேண்டிவரும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் டிஸ்க் பகுதிக்குப் போய்ப் பாட்டிஷன் தொடங்கும் ஒஃப்செட்டை (எத்தனையாவது பைட் என்ற எண்ணை) பாருங்கள். அது 4,096ஆல் மீதியின்றிப் பிரிய வேண்டும். 1,048,576 என்று இருந்தால் சரி. இல்லையென்றால் புதிதாக வின்டோஸ் போடுவதே சுத்தமான வழி.

நம்ப முடியாத விலைக்கு 16 டிபி

சாவிக்கொத்து அளவில் வரும் அந்த டிரைவ்களின் உள்ளே பெரும்பாலும் ஒரு சிறிய மெமரி கார்டுதான். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனைப் புரோகிராமால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள்.

சாகும் டிரைவில் சோதனை ஓட்டுவது

இதுவரை சொன்ன எதுவும் பொருந்தவில்லையா? டிரைவின் உடல்நிலையைக் காட்டும் புரோகிராமான கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறங்கள். சாட்டா டிரைவில் சிஆர்சி பிழை (வழியில் தரவு சிதைந்தது) எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் டேட்டா கேபிள். அதை மாற்றி, எண் ஏறுவது நின்றதா என்று பாருங்கள். பழைய எண் அழியாது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். என்விஎம்ஈயில் மீடியா பிழைகள் பூச்சியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால், அல்லது மிச்ச உதிரி இடம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே வந்தால், டிரைவ் எழுத முடியாத நிலைக்குப் போகும் வழியில் இருக்கிறது.

அப்போது வேகச் சோதனை வேண்டாம், ஃபர்ம்வெயார் (டிரைவின் உள் மென்பொருள்) அப்டேட் வேண்டாம், எல்லாவற்றையும் அழிக்கும் செக்கியூர் இரேஸ் வேண்டவே வேண்டாம். கட் செய்து பேஸ்ட் செய்யாமல், கொப்பி மட்டும் செய்யுங்கள். திரும்ப எடுக்க முடியாத படங்களும் வீடியோக்களும் முதலில், வின்டோஸும் புரோகிராம்களும் கடைசியில். கொப்பியான பைல்களைப் புதிய டிரைவில் திறந்து பார்த்த பிறகே பழையதைக் கழற்றி, பில்லோடும் கிழியாத வொரன்டி ஸ்டிக்கரோடும் கடைக்குக் கொண்டுபோங்கள்.