மனச்சிதைவு: டாக்டரிடம் போகுமுன் நோட்டில் எழுத வேண்டியவை

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ உறுதிசெய்வதில்லை. தைராய்டு, வலிப்பு, கஞ்சா என்று வேறு காரணம் உண்டா என்று பார்க்கத்தான் அவை. நோயாளியிடம் பேசியும், வீட்டார் சொல்வதைக் கேட்டும்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். ஆகவே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

முதலில் குரல். ஆளில்லாத பக்கம் திரும்பிப் பதில் சொல்கிறாரா, தனியே சிரிக்கிறாரா, காதில் பஞ்சு அடைக்கிறாரா என்று பாருங்கள். அந்தக் குரல் அவருக்கு நிஜமாகவே கேட்கிறது. வாதாடிப் புரியவைக்க முடியாது. ஆமாம் போடவும் வேண்டாம். "பயமா இருக்கா?" என்று கேளுங்கள், பேச்சு தொடரும். அடுத்தது சந்தேகம்: சாப்பாட்டில் விஷம், டிவியில் தன்னைப் பற்றிய செய்தி. "குழப்பமாப் பேசுறான்" என்று எழுதினால் பயனில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் என் நினைப்பை எடுத்துடறார்" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

பலர் கோட்டைவிடுவது சத்தமில்லாத அறிகுறிகளை. குளிக்காமல், பேசாமல், முகத்தில் சலனமே இல்லாமல் நாளெல்லாம் படுத்துக் கிடந்தால் சோம்பேறி என்று திட்டு விழும். அதுவும் நோய்தான். குரல் அடங்கிய பிறகும் நீடிப்பது பெரும்பாலும் இதுவே. ஓயாமல் குறைசொல்லும் வீட்டில் நோய் திரும்புவதும் அதிகம்.

அறிகுறிகள் ஒரு மாதமாவது நீடித்தால்தான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வேண்டுதல் ஒருபக்கம் இருக்கட்டும், சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற மாத்திரைகளில் படபடப்பு சில நாளில் தணியும். குரலும் சந்தேகமும் நன்றாகக் குறைய 4 முதல் 6 வாரம் ஆகலாம். கைநடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, எடை கூடுதல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார். தேறிவிட்டார் என்று நீங்களாக நிறுத்தினால் சில மாதங்களில் நோய் திரும்பக்கூடும். அப்படித் திரும்பும்போது பலருக்கு முதலில் கெடுவது தூக்கம்.

மாத்திரை வேண்டாம் என்றால் ரகசியமாகச் சோற்றில் கலக்காதீர்கள். விஷம் வைக்கிறார்கள் என்று நம்புகிறவர் அதைக் கண்டுபிடித்தால் அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டா என்று கேளுங்கள்.

குரல் "செத்துப்போ" என்றோ, யாரையாவது அடி என்றோ கட்டளையிடுவதாகச் சொன்னால் தனியே விடாதீர்கள். 108-ஐ அழைத்து அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மாத்திரைப் பட்டைகளும் பூச்சிமருந்தும் அவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.