பந்தை விட்டுவிட்டுப் பாருங்கள்

என்பிஏ எனும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் முதலில் பந்தை மறந்துவிடுங்கள். பந்து இல்லாத நான்கு பேர் எங்கே நகர்கிறார்கள் என்று பாருங்கள். டென்வர் அணியின் நிகோலா யோகிச்சை வைத்துப் பழகலாம். வேகமோ தாவலோ அவரிடம் பெரிதாகக் கிடையாது. ஆனால் சக வீரர் வளையத்தை நோக்கித் திரும்புவதற்குள் பந்து அங்கே போய்க் காத்திருக்கும். 2021, 2022, 2024 என மூன்று முறை எம்விபி, அதாவது லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவர். என்னைக் கேட்டால் நான்காவதும் கொடுத்திருக்கலாம், சரி, அதை விடுங்கள்.

குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் யுஎஃப்சி சண்டைக்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும். வர்ணனையின் சத்தத்தை அணைத்துவிடுங்கள். அது நம் கண்ணைக் கெடுக்கும். ஒவ்வொரு 5 நிமிடச் சுற்றும் முடிந்தவுடன் 10-9 யாருக்கு (சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு பெரும்பாலும் 9) என்று எழுதுங்கள். முந்தைய சுற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அடியும் பிடியும் எவ்வளவு பாதித்தன என்பதுதான் முதல் கேள்வி. அது சமமாக இருந்தால்தான் ஆக்ரோஷம், அதுவும் சமமென்றால் கூண்டில் யார் கை ஓங்கியது என்பது. நான் வெகுநாள் முன்னேறி வருபவருக்கே சுற்றைத் தூக்கிக் கொடுத்தேன். பின்வாங்கியபடியே சுத்தமாகக் குத்தியவர்களுக்கு எத்தனை அநியாயம் செய்திருப்பேனோ!

அப்புறம், இருவரும் தரையில் உருளும்போது எழுந்து போய்விடாதீர்கள். இஸ்லாம் மகாச்சேவ் போன்ற பிடிச்சண்டை வீரர்களின் பலமே அங்கேதான். கைகளை விட்டுவிட்டு இடுப்பைக் கவனியுங்கள்: எவருடைய இடுப்பு அசைய முடியாமல் கிடக்கிறதோ, அவர் சிக்கிக்கொண்டார்.