ஜெர்மனியில் கைக்குழந்தை: எல்லா உதவியையும் ஒரே மாதத்தில் செலவழிக்காதீர்கள்

முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் நம்மூர்த் தம்பதிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் டயப்பர், தொட்டில், தள்ளுவண்டி பற்றித்தான். அதெல்லாம் கடைக்குப் போனால் தெரிந்துவிடும். பிறகு திருத்த முடியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவைச் சீக்கிரமே வரவழைப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. பிரசவத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே அம்மாவுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். வலி எடுப்பதற்குள்ளேயே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கணவரும் அதே சமயத்தில் விடுப்பு எடுக்கிறார். முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள். பிறகு அவர் வேலைக்குப் போய்விடுவார், அம்மாவும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

அப்படித் தனித்துவிடப்பட்ட ஒரு பெண்ணை ஒரு டிசம்பரில் பார்க்கப் போனேன். நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. காலையிலிருந்து அவள் சாப்பிட்டிருக்கவில்லை. குழந்தையை நான் வாங்கிக்கொண்ட பிறகுதான் ரசம் சாதத்தில் கைவைத்தாள். அவள் அம்மா பொடித்து வைத்துவிட்டுப் போன பருப்புப்பொடி டப்பா பிரிக்காமலேயே இருந்தது.

முதல் வாரங்களுக்கு இங்கே ஹெபாமே, அதாவது பேறுகாலச் செவிலி, இருக்கிறார். முதல் பத்து நாள் தினமும் வீட்டுக்கே வருவார். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வாரம் வரை தேவைக்கேற்ப வருவார். தொப்புள், எடை, பால் கட்டுவது, தையல் எல்லாம் பார்ப்பார். செலவு அரசுக் காப்பீட்டில் அடங்கும். ஆனால் பெரிய நகரங்களில் கர்ப்பம் உறுதியானதுமே தேடினால்தான் கிடைப்பார். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்" என்பதைச் சொந்தக்காரர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் அடங்கும். அம்மாவின் 90 நாள் அப்போதுதான் வேண்டும். முதல் மாதத்தைக் கணவரும் ஹெபாமேயும் பார்த்துக்கொள்ளட்டும். 2024 ஏப்ரல் முதல் பிறந்த குழந்தைகளுக்கு, முதல் ஆண்டில் இருவரும் ஒரே நேரத்தில் முழு எல்டர்ன்கெல்ட் (குழந்தையைப் பார்க்க விடுப்பு எடுக்கும் பெற்றோருக்கு அரசு தரும் தொகை) வாங்குவது பொதுவாக ஒரு மாதம்தான். அவருடைய மீதி விடுப்பை அம்மா கிளம்பிய பிறகு எடுக்கட்டும்.

பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. மனம் கேட்கவில்லையென்றால் தேதியை ஒட்டி வரட்டும். அப்போது கணவரின் விடுப்பையாவது தள்ளிவையுங்கள்.

விண்ணப்பங்களை ஆறப்போடுவது

எல்டர்ன்கெல்ட் விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி 3 மாதத்துக்கும், கிண்டர்கெல்ட் (குழந்தைக்கான மாதாந்திர அரசு உதவித்தொகை) 6 மாதத்துக்கும்தான் கிடைக்கும். குழந்தையின் வசிப்புரிமைக்குப் பிறந்த 6 மாதத்துக்குள் விண்ணப்பியுங்கள். குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியுங்கள். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். உங்கள் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை இப்போதே மொழிபெயர்த்து வையுங்கள்.

வைட்டமின் டி

"இளவெயில்ல காட்டு, போதும்" என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். இங்கே சொட்டு மருந்தைத் தினமும் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

ஞாயிறு போல மருத்துவர்கள் இல்லாத நேரத்தில் அழைக்க வேண்டிய எண் 116117. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி என்றால் நேராக மருத்துவமனை.

கீட்டா

கீட்டா என்பது குழந்தைகள் காப்பகம். ஒரு வயதிலிருந்து அதில் இடம் பெறும் உரிமை 2013 முதல் சட்டத்தில் உண்டு. பல நகரங்களில் இடம் போதவில்லை. வயிற்றில் இருக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.