தமிழ்ப் பெயர்களை ஸ்லைஸ் செய்து வெட்டாதீர்கள்

சென்னை முகவரிகளை வாங்கும் படிவமோ டெலிவரி பக்கமோ எழுதுகிறீர்களா? ‘திருவல்லிக்கேணி’யைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள். நம் கண்ணுக்கு 8 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் (length, நீளம்) கேட்டால் 15 என்று வரும், ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். திரையில் காட்டும் கார்டில் இடமில்லை என்று, சொல்லை வெட்டும் ஸ்லைஸ் (slice) போட்டு முதல் 10 குறியீடுகளை மட்டும் எடுத்தால் ‘திருவல்லிக’ என்று நிற்கும். க்-இன் புள்ளி போய்விட்டது. ஒருவருடைய பெயரையோ ஊரையோ இப்படிச் சிதைத்துக் காட்டுவது மரியாதையே இல்லை.

இதற்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி இருக்கிறது. மொழிக்குத் தமிழ், கிராஃபீம் (grapheme, கண்ணுக்குத் தெரியும் ஓர் எழுத்து) அளவில் என்று கொடுத்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். இப்போதைய குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். ‘க்ஷ’வை மட்டும் இரண்டாக எண்ணும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் காட்சிக்காகச் சுருக்குவதென்றால் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸின் எலிப்சிஸே (இடம் போதாதபோது முடிவில் ‘…’ காட்டுவது) போதும், வெட்டவே வேண்டாம்.

அப்புறம் தேடல். ‘கொளத்தூர்’ டேட்டாபேஸில் இருக்கும், தேடினால் கிடைக்காது. ‘கொ’வை க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம், க, எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு வேறு. ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் (normalize) ஃபங்ஷனை என்எஃப்சி (NFC, பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து எழுதும் முறை) வடிவத்தில் அழைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். சேமிக்கும்போதும் தேடும்போதும், இரண்டு இடத்திலும் அழையுங்கள். ஏற்கெனவே இருக்கும் பதிவுகளையும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஒருமுறை மாற்றிவிடுங்கள், பேக்கப் எடுத்த பிறகு.