இளைஞர் பிரதிநிதி ஆகிவிட்டீர்களா? வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

உள்ளாட்சி மன்றத்தில் தம் வயதினருக்காகப் பேச எழுகிறவர்கள் முதல் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள்: "இளைஞர்கள் அனைவரும் விரும்புவது என்னவென்றால்..." எதிரே இருக்கும் பழுத்த உறுப்பினர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எத்தனை பேரைக் கேட்டீர்கள்?" என்பார். அதோடு பேச்சு நின்றுவிடும்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தன் விருப்பத்தைத் தன் தலைமுறையின் விருப்பமாக எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய தவறு. செய்கிறவருக்கு அது தவறாகவே தெரியாது. மன்றத்துக்கு வருகிறவர்கள் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், ஆசிரியர் பெயர் சொல்லி அனுப்பியவர்கள், மாலையில் ஓய்வு நேரம் உள்ளவர்கள். அவர்களின் நண்பர்களும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த வட்டத்துக்குள் கருத்துக் கேட்புப் படிவத்தைச் சுற்றவிட்டால் உங்கள் கருத்தே இருநூறு கையெழுத்துகளில் திரும்பி வரும். படிப்பை விட்டு வேலைக்குப் போகிறவர், சக்கர நாற்காலியில் நடமாடுகிறவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர், புதிதாகக் குடிவந்து மொழி பழகாதவர், இவர்கள் கையில் படிவம் போய்ச் சேராது. நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். "திடலுக்கு விளக்கு வேண்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்வார்? "நேற்று இருட்டிய பிறகு எப்படி வீடு திரும்பினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். திடலை விட, திடலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்குமான பாதைதான் பயமுறுத்துகிறது என்று நாலு பெண்கள் சொல்லக்கூடும். அந்த இடத்தில் உங்கள் கோரிக்கையே மாறிவிடும்.

அடுத்தது, இல்லாத கதவைத் தட்டுவது. தேர்வு முறை, கல்விக் கட்டணம் போன்றவை பல நாடுகளில் உள்ளாட்சியின் கையில் இல்லை. அதைப் பற்றி அரை மணி நேரம் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும், வேறொன்றும் நடக்காது. அதிகாரம் இருந்தாலும் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014-இல் 10 லட்சம் டாலரை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமையை 12 முதல் 25 வயது வரையிலானவர்களிடம் கொடுத்தது. ஆனால் அது மூலதனச் செலவுக்கான பணம். பூங்காவைச் சீரமைக்கலாம், கருவி வாங்கலாம். பயிற்சியாளருக்கு மாதச் சம்பளம் தர முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல் போனால் நல்ல யோசனைகூட முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். காலமும் அப்படித்தான். வரவு செலவுத் திட்டம் நிறைவேறிய மறுவாரம் கோரிக்கை மனுவோடு போய் நிற்பது, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிட உட்காருவதைப் போன்றது.

நானே செய்த தவறு ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் பேசிவிட்டுப் பெருமிதத்தோடு வெளியே வந்தேன். மாதம் கழித்துக் கூட்டக் குறிப்பைப் படித்தபோது அதில் ஒரே வரிதான் இருந்தது: "இளைஞர் பிரதிநிதி கருத்துத் தெரிவித்தார்." என்ன கருத்து? யார் பதில் சொல்ல வேண்டும்? எப்போதைக்குள்? ஒன்றும் இல்லை. கோரிக்கையை இரண்டே வரியில் எழுதி, பேசுவதற்கு முன்பே குறிப்பெடுப்பவர் கையில் கொடுத்துவிட்டால் இந்த விபத்து நேராது. அடுத்த கூட்டம் தொடங்கி முந்தைய குறிப்புக்கு ஒப்புதல் கேட்கும்போது திருத்தம் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பதையும் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

தோழி ஒருத்தி நம்பிச் சொன்ன துயரத்தை எடுத்துக்காட்டாக மன்றத்தில் சொல்லிவிடுவது இன்னொரு சறுக்கல். பெயரை மறைத்தாலும் தெருவும் வயதும் போதும், கேட்கிறவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் சம்மதம் இல்லாமல் வாய் திறக்காதீர்கள்.

உங்களை அழகுக்காக உட்கார வைத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில் ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அதன் கீழ் மூன்று படிகளான ஆட்டுவிப்பு, அலங்காரம், பெயரளவு இடம் ஆகியவற்றை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. படம் எடுக்கும்போது முன்வரிசை, நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும்போது அழைப்பே இல்லை என்றால் நீங்கள் நிற்பது அந்தப் படிகளில்தான். கோபித்துக்கொண்டு வெளியேறுவதை விட, எங்கள் கருத்தை எந்தக் கட்டத்தில் கேட்பீர்கள் என்று எழுத்தில் கேட்பது பயன் தரும். பின்லாந்தின் 2015-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் இளைஞர் மன்றத்தையோ அதற்கு இணையான குழுவையோ அமைப்பதைக் கட்டாயமாக்கியதோடு, திட்டமிடல் தொடங்கிக் கண்காணிப்பு வரை அதற்கு வாய்ப்பளிக்கச் சொல்கிறது. முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பது அந்தச் சட்டத்தின்படி போதாது.

கோரிக்கை தள்ளுபடியானால் பலர் தம்மை அனுப்பியவர்களின் முகத்தில் விழிக்கவே கூச்சப்படுகிறார்கள். கெட்ட செய்தியையும் காரணத்தோடு போய்ச் சொல்லுங்கள். உங்கள் மௌனத்தைத்தான் அவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

இளைஞர் என்ற தகுதிக்கு வயது வரம்பு உண்டு. ஓரிரு ஆண்டில் நீங்கள் போய்விடுவீர்கள். யாரைக் கேட்டீர்கள், எந்த அதிகாரி என்ன பதில் சொன்னார், எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி ஒப்படைக்காவிட்டால், உங்கள் இடத்துக்கு வருகிறவர் மறுபடியும் திடலுக்கு விளக்குக் கேட்பதிலிருந்துதான் தொடங்குவார்.