தானாகப் பக்கம் புரட்டிய தொடுதிரை: என் அனுபவம்
குமுளிப் பக்கம் ஒரு பார்வையாளர் மையத்தில், பெரியாறு காட்டு விலங்குகளைக் காட்டும் தொடுதிரை, பிற்பகலில் யாரும் தொடாமலே பக்கம் புரட்டத் தொடங்கியது. மென்பொருளை மீண்டும் நிறுவியும், யூஎஸ்பி கம்பியை மாற்றியும் பலனில்லை. பல நாட்கள் வீணாயின. மழை நாட்களில் மட்டும் திரை ஒழுங்காக இருந்ததுதான் துப்புக் கொடுத்தது. சட்டத்தில் வரிசையாக உள்ள அகச்சிவப்பு விளக்குகளின் ஒளியை விரல் மறைக்கும்போது, எதிர்ப்புற உணரிகள் தொட்ட இடத்தைக் கணிக்கும் வகைத் திரை அது. கைப்பேசிக் கேமராவில் பார்த்தபோது விளக்குகள் அனைத்தும் மங்கிய ஊதாப் புள்ளிகளாக எரிந்தன. ஆகவே அவற்றில் பழுதில்லை. மேற்குச் சுவர் வென்டிலேட்டர் வழியே விரல் அகல வெயில் கீற்று ஒன்று சட்டத்தின் கீழ்மூலையில் விழுந்து உணரிகளைக் குழப்பியிருக்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு; சாதாரணக் கண்ணாடி அதைத் தடுக்காது என்பதால் வென்டிலேட்டரைப் பலகையால் அடைத்து, திரையின் முதுகு மேற்கே இருக்கும்படி தாங்கியைத் திருப்பினேன். அன்று பிற்பகலே தொல்லை நின்றது, பெரிய நிம்மதி.