முதல் தடவை வெளிநாடு போகிறீர்களா? அறையிலும் தெருவிலும் ஏமாறாமல் இருக்க இப்படிச் செய்யுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் இருந்து வெளிநாடு போகிற சனம் இப்போது நன்றாகக் கூடிவிட்டது. பலாலியில் விமானம் ஏறினால் சென்னை, காங்கேசன்துறையில் கப்பல் ஏறினால் நாகபட்டினம், ஏ9 வீதியில் இரவு பஸ் பிடித்துக் கட்டுநாயக்கா போனால் பாங்கொக், கோலாலம்பூர், சிங்கப்பூர். கோயிலுக்கு, வைத்தியத்துக்கு, கலியாணச் சாமான் வாங்க, கனடாவில் இருக்கிற பிள்ளையை நடுவில் ஒரு நாட்டில் சந்திக்க என்று காரணம் எதுவாகவும் இருக்கட்டும், ஏமாற்று வேலை பெரும்பாலும் நடப்பது நீங்கள் களைத்துப்போய் இறங்கி அறைக்குப் போய்ச் சேரும் வரையில்தான். அதனால் செய்ய வேண்டியதில் பெரும்பகுதியை வீட்டில் இருந்தபடியே முடித்துவிடலாம்.

படி 1: விசாவை எந்தத் தளத்தில் போடுகிறார்கள் என்று பாருங்கள்

எங்கள் பக்கத்தில் விசா விண்ணப்பம் நிரப்புவது பெரும்பாலும் சந்தியில் உள்ள கொமினிகேஷனில்தான். கடைத் தம்பி கூகுளில் "இந்தியா விசா" என்று அடிப்பார், முதலில் வருவதை அழுத்துவார். அந்த முதலாவது பல நேரம் விளம்பரம். அசோகச் சக்கரம், கொடி எல்லாம் போட்டு அரசாங்கத் தளம் போலவே இருக்கும், ஆனால் விசாக் கட்டணத்துக்கு மேலே இன்னொரு மடங்கு "சேவைக் கட்டணம்" எடுக்கும் தனியார் தளம். திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி முகவரியைப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் "https://" போக, முதலாவது சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதி இந்தியாவுக்கு "கவ் டொட் இன்" (gov.in) என்று முடிய வேண்டும். சிங்கப்பூருக்கு "கவ் டொட் எஸ்ஜி" (gov.sg), மலேசியாவுக்கு "கவ் டொட் எம்வை" (gov.my), தாய்லாந்துக்கு "கோ டொட் டிஎச்" (go.th). இடையில் எங்கேயோ "கவ்" என்று இருந்து "டொட் கொம்" என்று முடிந்தால் மூடிவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் போவதற்கு முந்திய 3 நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தாய்லாந்தில் இது 2025 மே மாதத்தில்தான் வந்தது. மூன்றுமே இலவசம். இதற்கு டொலர் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது கள்ளத் தளம்தான்.

படி 2: ரிக்கெற் உண்மையில் எடுத்தாயிற்றா?

குழுவாகக் கோயில் சுற்றுலா கூட்டிப்போகிறவர்களிடம் காசு கட்டினால் இதைக் கட்டாயம் கேளுங்கள். ஆறு எழுத்து முன்பதிவு இலக்கம் மட்டும் போதாது, காசு கட்டாமலும் இருக்கையைச் சில நாள் பிடித்து வைக்கலாம். 13 இலக்கங்கள் கொண்ட ரிக்கெற் இலக்கமும் இருந்தால்தான் ரிக்கெற் எடுத்தாயிற்று என்று அர்த்தம். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

"சுற்றுலா விசாவில் போ, அங்கே வேலை விசாவாக மாற்றித் தருவினம்" என்கிற ஆளிடம் கதையை நீட்டவே வேண்டாம். அப்படித் தாய்லாந்துக்கு என்று போனவர்கள் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் மாட்டிக்கொண்ட செய்தி எல்லோருக்கும் தெரியும். வேலை என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

படி 3: அறை

இங்கேதான் கனபேர் மாட்டுகிறார்கள், அதிலும் சென்னையில். அங்கே நாங்கள் தமிழ் கதைப்பதால், எங்களிடம் இருப்பது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்பதை நாங்களே மறந்துவிடுகிறோம். இந்தியாவில் வெளிநாட்டுக்காரர் தங்கினால் அந்த விபரத்தைப் 'படிவம் சி' என்று சொல்லப்படும் ஒன்றில் 24 மணித்தியாலத்துக்குள் விடுதிக்காரர் அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். சின்ன லொட்ஜுகள் பல இந்த வேலைக்கே போவதில்லை. நீங்கள் இணையத்தில் காசு கட்டி, சாமானையும் இழுத்துக்கொண்டு போய் நிற்க, வரவேற்பு மேசையில் இருப்பவர் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஃபாரின் பாஸ்போர்ட்டுக்கு ரூம் தர மாட்டோம்" என்பார். வாசலில் ஒருவர் தயாராக நிற்பார். "அண்ணே, சிலோனா? பக்கத்துலயே நல்ல ரூம் இருக்கு, வாங்க." அந்த அறை கட்டிய காசைப்போல இரண்டு மடங்கு, அதில் அவருடைய தரகும் அடக்கம். இரவு பத்து மணிக்குக் குழந்தை குட்டியோடு நிற்கிறவர் பேரம் பேச மாட்டார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே காசு கட்ட முதல் விடுதிக்குப் போன் எடுங்கள். முன்பதிவுத் தளத்தில் உள்ள இலக்கத்துக்கு இல்லை, வரைபடத்தில் தேடி எடுத்த இலக்கத்துக்கு. இரண்டே கேள்வி: இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அறை தருவீர்களா, படிவம் சி போடுவீர்களா? ஓம் என்றால் அதையே வட்ஸ்அப்பில் எழுதி வாங்கி வையுங்கள். "உறவுக்காரரின் ஆதார் அட்டையைக் காட்டி அறை எடுக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஏதாவது விசாரணை வந்தால் அந்த உறவுக்காரரும் சேர்ந்துதான் மாட்டுவார்.

எந்த நாடாக இருந்தாலும், முன்பதிவு செய்த பிறகு அந்தச் செயலியின் உள்பெட்டியிலேயே ஒரு செய்தி வரலாம்: "உங்கள் கார்டை உறுதிப்படுத்தாவிட்டால் 12 மணித்தியாலத்தில் பதிவு ரத்தாகும்", கீழே ஒரு இணைப்பு. விடுதியின் கணக்கைத் திருடிய ஆள் அனுப்புவது இது. உங்கள் பெயர், திகதி, தொகை எல்லாம் சரியாக இருக்கும், அதனால்தான் படித்த ஆக்களே நம்பிவிடுகிறார்கள். இணைப்பைத் தொடாமல் விடுதிக்கே போன் எடுத்துக் கேளுங்கள்.

முகநூலில் அரை விலைக்கு அறை தருகிறேன், வங்கியில் போடு என்று சொல்கிறவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, விட்டுத்தள்ளுங்கள்.

படி 4: இறங்கியதும்

வெளியே வந்ததும் "டாக்ஸி, டாக்ஸி" என்று உங்களைத் தேடி வருகிறவரோடு போகாதீர்கள், நீங்கள் தேடிப் போகிற கருமபீடத்துக்குப் போங்கள். சென்னையில் விமான நிலையத்தில் இருந்தே சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மெட்ரோ ஓடுகிறது, உள்ளேயே முன்கட்டண டாக்ஸியும் உண்டு. பாங்கொக் சுவர்ணபூமியில் இயந்திரத்தில் சீட்டு எடுத்து மீற்றர் டாக்ஸியில் ஏறலாம். மீற்றர் காசோடு 50 பாத் விமான நிலையக் கட்டணமும், பெருந்தெரு வழியாகப் போனால் அதன் கட்டணமும் வரும், அது நியாயமான காசு, சண்டை பிடிக்காதீர்கள். மலேசியா, சிங்கப்பூரில் டாக்ஸி பிடிக்கிற கிராப் செயலி போதும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சாரதி, "அந்த ஹோட்டல் மூடிவிட்டது, அங்கே திருத்தவேலை நடக்கிறது" என்று தொடங்கினால் அவருக்குத் தரகு கிடைக்கிற வேறு ஹோட்டல் இருக்கிறது என்று அர்த்தம். "பரவாயில்லை, வாசலில் இறக்கிவிடுங்கள்" என்று சொன்னால் சரி.

படி 5: அறைக்குள்ளும் கடையிலும்

நடுச்சாமத்தில் அறைத் தொலைபேசி அடிக்கும். "ரிசெப்ஷனில் இருந்து கதைக்கிறோம், உங்கள் கார்டு வேலை செய்யவில்லை, இலக்கத்தை வாசியுங்கள்." ஏமாற்றுக்காரன் வெளியில் இருந்து விடுதிக்குப் போன் எடுத்து உங்கள் அறைக்குத் தொடுத்துவிடச் சொல்லியிருப்பான். காலையில் வருகிறேன் என்று வைத்துவிட்டுப் படுங்கள்.

கார்டு இயந்திரம் "இலங்கை ரூபாவா, உள்ளூர்க் காசா" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்க் காசு. ரூபாவைத் தெரிவுசெய்தால் கடைக்காரர் பக்கத்தின் மாற்று விலை விழும், அதில் ஒரு பங்கு சத்தமில்லாமல் போய்விடும். இந்தியாவில் மிச்சக்காசு வாங்கும்போது நோட்டைப் பாருங்கள். 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய 500, 1000, 2023இல் திரும்பப் பெற்ற 2000, இவற்றை எந்தக் கடையும் எடுக்காது.

படி 6: தெருவில்

பாங்கொக் அரண்மனை மதிலோரம் நன்றாக உடுத்திய ஒருவர் வருவார். இன்று பூசை, அரண்மனை மத்தியானம் வரைக்கும் பூட்டு, 20 பாத்துக்கு டுக்டுக்கில் வேறு கோயில்கள் பார்க்கலாம் என்பார். கடைசியில் ஒரு இரத்தினக்கல் கடையில் கொண்டுபோய் இறக்குவார்கள். அரண்மனை பொதுவாக எல்லா நாளும் காலை 8.30க்குத் திறக்கும், அதனால் ரிக்கெற் வாசல் வரைக்கும் நடந்துபோய் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இரத்தினபுரி இருக்கிற நாட்டில் இருந்து போய் அங்கே கல் வாங்கினால் நான் என்ன சொல்ல?

மோட்டார்சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் கடவுச்சீட்டைப் பிணையாக விடாதீர்கள், பிரதி கொடுங்கள். எடுக்க முதல் நாலு பக்கமும் வீடியோ எடுத்து, பழைய கீறலைக் கடைக்காரர் முன்னாலேயே காட்டுங்கள்.

படி 7: இவ்வளவுக்கும் பிறகும் காசு போய்விட்டால்

முதலில் வங்கிக்கு எடுத்துக் கார்டை நிறுத்துங்கள். அந்த இலக்கம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும், கார்டே தொலைந்தால் என்ன செய்வீர்கள்? போக முதல் ஒரு தாளில் எழுதி வேறு பைக்குள் வையுங்கள். பிறகு பொலிஸ்: இந்தியாவில் 112, தாய்லாந்தில் சுற்றுலாப் பொலிஸ் 1155, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 999. முறைப்பாட்டின் பிரதியை வாங்காமல் வெளியே வராதீர்கள், காப்புறுதிக்கும் வங்கிக்கும் அது வேண்டும். கடவுச்சீட்டும் போயிருந்தால் அதே பிரதியோடு அந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போங்கள், சென்னையில் என்றால் துணை உயர்ஸ்தானிகராலயம்.